வட்டம் போட்ட சீட்டுகள்

அத்தியாயம் 14

இரண்டு மென்பொருளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறேன் பேர்வழி என்று தம்பி கிளம்பியதும், அக்கா மாதக்கணக்கில் முரண்டு பிடித்துவிட்டுக் கடைசியில் ‘என்னமோ பண்ணித் தொலை’ என்று தலையாட்டியதும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி.

அக்கா கண் டாக்டர். அவளுடைய சின்ன மருத்துவமனையில் கணக்கு வழக்கு முழுவதும் தம்பி கையில். அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. ஆனாலும் அக்கா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாசல் காவலாளி முதல் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் வரை அத்தனை பேருக்கும் அவன் தம்பிதான். அவன் மனைவி அதே கட்டடத்தில் கண்ணாடிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள்.

முன்பெல்லாம் நோயாளிகளின் விவரம் ஒரு மென்பொருளில், பில் கணக்கு இன்னொன்றில். ஒரே ஆளின் பெயரையும் வயதையும் ஒரே நாளில் இரண்டு தடவை தட்டித் தட்டி வரவேற்பு மேசைக்காரர்களுக்கு விரல் தேய்ந்தது. ஐந்து மாதத்துக்கு முன் தம்பி இரண்டையும் இணைத்தான். இப்போது பில் போட்டால் போதும், நோயாளியின் கோப்பு தானே திறக்கும். யாரை எந்தத் தேதியில் மறுபரிசோதனைக்குக் கூப்பிட வேண்டும் என்று தினமும் காலையில் அதுவே பட்டியல் கொடுக்கும். அக்காகூட ஒரு நாள் ‘பரவாயில்லையே’ என்றாள். அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

அந்தப் ‘பரவாயில்லையே’யின் ஆயுள் இந்த வியாழக்கிழமை காலை எட்டேகால் மணி வரைதான்.

போன வாரக் கடைசியில் ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர் வந்து நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? ‘பத்து வருஷமா வரேன், என் பேரே இல்லைங்கறீங்க’ என்று கேட்டுவிட்டு, வரவேற்பு மேசையில் பதில் இல்லாததால் திரும்பிப் போனவர். பெயரைத் தப்பாகத் தட்டியிருப்பார்கள் என்று தம்பி அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். ஆனால் இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இன்று எல்லாருக்கும் முன்னால் வந்து கணினியைத் திறந்தான்.

ரிப்பேர்க்காரர் அகப்பட்டார். ‘மூடிய கணக்குகள்’ என்ற பட்டியலில் இருந்தார். அவர் மட்டுமல்ல, அவரோடு இன்னும் முந்நூற்றுப் பதினோரு பேர்.

யார் மூடியது என்று தேடினான். தேடவே தேவையில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூடிய ஆளின் பெயரும் தேதியும் இருந்தன. எல்லாம் ஒரே தேதி, ஒரே ஆள். அவனேதான்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, ரொம்ப நாளாக அசையாமல் கிடக்கிற கணக்குகளை மூடிவிடுவார்கள். ‘இரண்டு வருடமாகப் பில் இல்லாதவற்றை மூடலாமா?’ என்று மென்பொருள் கேட்கும், தம்பி ‘ஆம்’ என்று அழுத்துவான். பன்னிரண்டு வருடமாக அழுத்துகிறான். பழைய மென்பொருளில் அதனால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை, ஏனென்றால் அதில் இருந்தது வெறும் கணக்கு. இணைத்த அதே வாரம் ஆண்டுக் கணக்கு வந்தது. பழக்க தோஷத்தில் இந்த முறையும் ‘ஆம்’ என்றான். இப்போது கணக்கும் கோப்பும் ஒன்று. கணக்கை மூடினால் நோயாளியின் கோப்பும் மூடிக்கொள்ளும், கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

சரி, தவறாமல் வந்துகொண்டிருந்த ஆளுக்கு இரண்டு வருடமாக ஏன் பில் இல்லை?

அதற்குக் காரணம் அக்காவின் வட்டம். கையில் காசு இல்லாதவர்கள், சொந்தக்காரர்கள், அவள் மனசுக்குப் பட்டவர்கள் என்று யாரிடமெல்லாம் பணம் வாங்க வேண்டாமோ, அவர்கள் சீட்டின் மூலையில் அக்கா பேனாவால் ஒரு சின்ன வட்டம் போடுவாள். வட்டத்தைப் பார்த்தால் வரவேற்பு மேசையில் பில்லே போட மாட்டார்கள். ‘பூஜ்யம்னு ஒரு பில்லாவது போடுவோமே’ என்று தம்பி எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான். ‘இலவசம்னு எழுதி அவங்க கையில கொடுக்கணுமா? வெட்கமா இல்ல?’ என்று அக்கா அவன் வாயை அடைத்துவிடுவாள்.

ஆக, அக்கா நல்லதுதான் நினைத்தாள். தம்பியும் ஒழுங்காகத்தான் வேலை செய்தான். இரண்டும் சேர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை வழித்துத் துடைத்துவிட்டன.

தம்பி பட்டியலில் இறங்கிக்கொண்டே போனான். முப்பத்தேழாவது வரியில் கை நின்றது.

அவன் மாமியார்.

நோய்: கண் அழுத்தம், இரண்டு கண்ணிலும். நாலு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் பார்க்க வேண்டும். கடைசியாக வந்து எட்டரை மாதம் ஆகியிருந்தது. கீழே இரண்டு போன் நம்பர்கள், கோப்பிலிருந்து வந்தது ஒன்று, கணக்கிலிருந்து வந்தது ஒன்று. தம்பி அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. எழுந்து நேரே அக்கா அறைக்குப் போனான்.

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

அக்கா கருவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நடந்துபோச்சா, பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன்.”

சொல்லி முடிக்கிற வரைக்கும் அக்கா குறுக்கே பேசவில்லை. அதுதான் தம்பிக்கு இன்னும் பயமாக இருந்தது. முடித்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள்!

“நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! நோயாளி வேற, பில் வேறடா, ரெண்டையும் கலக்காதன்னு சொன்னேனா இல்லையா? கண்ணுடா அது! மூடினதும் உனக்குப் பட்டியல்ல ஒரு வரி குறைஞ்சுது, அவங்களுக்கு என்ன குறையுதுன்னு யோசிச்சியா?”

“யோசிக்கலக்கா. ஆனா நீயும் பூஜ்யம்னு ஒரே ஒரு பில்…”

மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். அக்காவின் முகம் சட்டென்று மாறியது. மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தாள். வட்டம் போடுகிற பேனா அது.

“சண்டையை அப்புறம் போட்டுக்கலாம்,” என்றாள் அக்கா. “முந்நூத்துச் சொச்சம் பேர்ல கண் அழுத்தக்காரங்க எத்தனை?”

தம்பி அக்காவின் கணினியில் தேடி எண்ணினான். “இருபத்திரெண்டு.”

“அவங்கதான் முதல்ல. மைக்கைக் கூப்பிடு.”

மைக் என்பது வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கு எல்லாரும் வைத்த பெயர். அவள் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். மைக் ஓடி வந்தாள், பட்டியலை வாங்கினாள், முப்பத்தேழாவது வரியைப் பார்த்ததும் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

“இவங்களை நான் போய்க் கூட்டிட்டு வரேன்,” என்றான் தம்பி.

“வீட்டுக்காரிகிட்டச் சொன்னியா?” என்று கேட்டாள் அக்கா.

“பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் கண் பார்க்கப் போயிருக்கா. சாயங்காலம்தான் வருவா.”

“நல்லதாப் போச்சுன்னு சந்தோஷப்படாத,” என்றாள் அக்கா.

மாமியாரை அவன் அத்தை என்றுதான் கூப்பிடுவான். அத்தை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். முன்னறை முழுக்கத் துணி. அத்தை தையல்காரி. பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைப்பதில் அவள் கைக்கு ஈடே கிடையாது. தம்பி போனபோது காலரைத் திருப்பி நுனியைக் கூராக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மாப்பிள்ளை. என்ன இந்நேரத்துல? அவ வரலையா?”

“அவ வெளியில போயிருக்கா அத்தை. நீங்க… சொட்டு மருந்து போடறீங்களா?”

அத்தை காலரைக் கீழே வைக்கவில்லை. “போட்டேன்.”

“போட்டேன்னா?”

“தீர்ந்துபோச்சு. ஒன்றரை மாசம் இருக்கும். சீட்டுல தேதி முடிஞ்சுபோச்சு, புதுச் சீட்டு இல்லாம தர முடியாதுன்னு மருந்துக் கடைக்காரர் சொல்லிட்டார். வீட்டுல ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா இருந்தது. அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு ஓட்டினேன்.”

“நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே அத்தை!”

“நீங்க கூப்பிடலையே மாப்பிள்ளை.”

குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்யலையே என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“நாலு மாசத்துக்கு ஒரு தடவை அந்தப் பொண்ணு மைக் கூப்பிடும், நான் வருவேன். கூப்பிட்டு வர்றது வேற. நானா வந்து நிக்கிறது வேற. நீங்க காசு வாங்க மாட்டேங்கறீங்க. காசு கொடுக்கிற இடத்துல, ஏன் இன்னும் என்னைக் கூப்பிடலன்னு சண்டை போடலாம். உங்ககிட்ட எந்த வாயோட கேக்கிறது?”

“உங்க பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“அவகிட்டச் சொன்னா அவ உங்ககிட்ட வந்து நிப்பா. எங்கம்மாவுக்கு மருந்து வேணும்னு அவ புருஷன்கிட்ட நிக்கணுமா? மருந்து போடறியாம்மான்னு கேப்பா, எல்லாம் நடக்குதுன்னு சொல்லிடுவேன். அப்புறம், டாக்டரம்மா எல்லாம் பார்த்து, இனிமே வேண்டாம்னு விட்டுட்டாங்க போலன்னு நானே நினைச்சுக்கிட்டேன். கண்ணும் நல்லாத்தானே தெரியுது? ஊசி கோக்கிறேனே!”

அந்த நோயின் திருட்டுத்தனமே அதுதான். வலிக்காது, சிவக்காது. ஒரு கண்ணில் ஓரம் மங்கினால் இன்னொரு கண் சமாளித்துவிடும். ஊசி கோப்பது நடுப்பார்வை, அது கடைசியில்தான் போகும். இதையெல்லாம் அக்கா சொல்லித் தம்பி நூறு தடவை கேட்டிருக்கிறான்.

“கிளம்புங்க அத்தை,” என்றான். “இப்பவே.”

“காலர் நாப்பது பாக்கி இருக்கு மாப்பிள்ளை…”

“அத்தை, உங்களைக் கூப்பிடத்தான் வந்திருக்கேன்.”

அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

கண் மரத்துப்போகும் மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கில் அழுத்தம் பார்த்தார்கள். போன முறை இரண்டு கண்ணிலும் பதினாறு. இப்போது வலது கண்ணில் இருபத்தேழு, இடது கண்ணில் முப்பத்தொன்று. அக்கா எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை, எழுதினாள். அடுத்தது பார்வைப் பரப்பு சோதனை. கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

இடது கண்ணுக்கு வரும்போது தம்பி அறை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் புள்ளி வந்தது, அத்தை அழுத்தினாள். இன்னொன்று வந்தது, அழுத்தினாள். மூக்குப் பக்கம் மேல் ஓரத்தில் ஒன்று வந்தது. அத்தை கை அசையவில்லை. அங்கேயே மறுபடி, கொஞ்சம் பளிச்சென்று வந்தது. கை அசையவில்லை. இன்னும் பளிச்சென்று. ‘அழுத்துங்க அத்தை, அழுத்துங்க’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது தம்பிக்கு.

அக்கா பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் பார்வை இல்லாத இடமாகக் கட்டைவிரல் நகமளவு இருந்த கறுப்பு, புதியதில் இரண்டு மடங்காகியிருந்தது.

“அம்மா, ஒளிக்காம சொல்றேன். இடது கண்ணுல ஓரப் பார்வை கொஞ்சம் போயிருக்கு. போனது வராது. மிச்சம் இருக்கிறது நிறைய. இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சு, ஏழு நாள்ல மறுபடி பார்த்து, விடாமப் பிடிச்சுக்கிட்டா மிச்சத்தைக் காப்பாத்திடலாம்.”

“தைக்கலாமா?”

“தாராளமா.”

அத்தை மூச்சு விட்டாள். தம்பியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“தப்பு என்னுது அத்தை. உங்க பேரை மூடினது நான்தான். பில் இல்லாதவங்களை எல்லாம் மூடுன்னு அழுத்திட்டேன். அதுல நீங்க இருப்பீங்கன்னு பார்க்கல. பார்த்திருக்கணும்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஒரு கணக்கன் அழுவதை நம் கதையில் இப்போதுதான் பார்க்கிறோம்.

அத்தை மடியிலிருந்த கைப்பையின் வாரை முறுக்கினாள், பிரித்தாள்.

“கோபம் வரலன்னு சொன்னா பொய் மாப்பிள்ளை. இந்தக் கண்ணை வச்சுத்தான் அவளைப் படிக்க வச்சேன். ராத்திரி பகல்னு பார்க்காம தச்சேன்.” வாரை மறுபடி முறுக்கினாள். “ஆனா, வாய் இருந்தும் கேக்காம உக்காந்திருந்தேனே, அது யாரு தப்பு? பெரிய இதுவாட்டம், கூப்பிட்டாத்தான் போவேன்னு…”

“வட்டம் போட்டது நான்மா,” என்றாள் அக்கா மெதுவாக. அக்கா குரல் அவ்வளவு கீழே இறங்கித் தம்பி கேட்டதே இல்லை.

“சரி விடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க மாப்பிள்ளை. அவளுக்கு மனசு தாங்காது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் கண்ணு வர வேண்டாம்.”

“சரி அத்தை.” எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டான் பாருங்கள். அத்தைக்காகத்தான் என்று அவனே நம்பினான். பாதி அவனுக்காகவும்தான்.

கதவைத் தட்டாமல் மைக் எட்டிப் பார்த்தாள். “டாக்டர், இருபது பேர் பேசிட்டாங்க, எல்லாரும் வர்றாங்க. இவங்க இங்க இருக்காங்க. ஒருத்தர் மட்டும்தான் அகப்படல. அந்த சைக்கிள் ரிப்பேர்க்காரர். கடை பூட்டியிருக்காம். எங்க போனார்னு யாருக்கும் தெரியலயாம்.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசல் வரை வந்த மனிதர்.

“மத்தியானம் நானே போறேன்,” என்றான் தம்பி.

அக்கா அத்தையின் சீட்டை இழுத்து மருந்து எழுதினாள். எழுதி முடித்ததும் கை தானாக மூலைக்குப் போயிற்று. பேனா தாளைத் தொடுவதற்குள் அத்தை சீட்டின் மேல் கையை வைத்தாள்.

“எனக்கு பில் போடுங்க டாக்டரம்மா.”

“என்னம்மா நீங்க! உங்ககிட்ட நான் காசு வாங்கறதா? சம்பந்தி வீட்டுல…”

“வட்டம் போட்டுத்தானே நான் காணாமப் போனேன்?”

அக்கா பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருடத்தில் தம்பியால் முடியாத காரியம் அது.

“எவ்வளவோ, கம்மியா போட்டுக்கோங்க. ஆனா பில்லுனு ஒண்ணு இருக்கட்டும். அடுத்த தடவை கூப்பிட மறந்தா, காசு கொடுத்தேனே, ஏன் கூப்பிடலன்னு வந்து சத்தம் போடுவேன். மைக்கை விட எனக்குக் குரல் ஜாஸ்தி.”

அக்கா பேனாவை மூடி வைத்தாள். “போடு மைக்,” என்றாள். “இவங்களுக்கு மட்டுமில்ல, இனிமே எல்லாருக்கும். பூஜ்யமா இருந்தாலும் சரி.”

மைக் அக்காவின் கணினியில் தட்டினாள். முப்பத்தேழாவது வரியிலிருந்த பெயர் மூடிய பட்டியலைவிட்டு எழுந்து தன் கோப்புக்குத் திரும்பியதைத் தம்பி கண்ணாலேயே பார்த்தான். அப்பாடா என்றிருந்தது. அத்தை கைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தாள். பில்லை வாங்கி, தையல் அளவுச் சீட்டைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

அப்போதுதான் தம்பியின் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க,” என்றாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. “என் போனுக்கு ஒரு பில் வந்திருக்கு. அம்மா பேர்ல.”

காலையில் பார்த்தும் பார்க்காமல் விட்ட இரண்டாவது நம்பர் இப்போது தம்பியின் கண் முன்னால் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தபோது, கணக்கில் மகள் தன் நம்பரைக் கொடுத்திருந்தாள். கூப்பிடுவது என்றால் அத்தைக்கு, பில் என்றால் மகளுக்கு. இரண்டையும் பத்திரமாகச் சேர்த்து வைத்தவன் இவன்தான்.

“அவசர அழுத்தப் பரிசோதனைன்னு போட்டிருக்கு. ஏழு நாள்ல மறுபடி வரணுமாம். இதுக்கு முன்னாடி வந்த தேதி எட்டரை மாசத்துக்கு முன்னாடின்னு இருக்கு. நடுவுல ரெண்டு தடவை வந்திருக்கணுமே? தினமும் காலையில அந்தப் பட்டியல் எடுக்கிறது நம்ம ஆளுங்கதானே? எங்கம்மாவுக்கு என்னங்க ஆச்சு?”

எதிரே அத்தை வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சொட்டு மருந்தின் மஞ்சள் இன்னும் காயாமல் இமையோரத்தில் ஒட்டியிருந்தது. ‘சும்மா வழக்கமான சோதனைதான்’ என்று ஒரு வாக்கியம் தம்பியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நம்பியும் இருப்பாள். எல்லாம் நடக்குது என்று அம்மா சொன்னதையே இத்தனை மாதம் நம்பினவள்தானே.

“மன்னிச்சிருங்க அத்தை,” என்றான் தம்பி எதிரே பார்த்து. பிறகு போனில் சொன்னான்.

“அம்மா பேரை மூடினது நான்தான்.”

மறுமுனையில் பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, அதுவும் அடங்கியது. அவள் போனை வைக்கவில்லை.